செக்ரோலில் என் பெயர்

1979 ஆகஸ்ட் 9, போடி

இன்றும் மஞ்சப்பாறை எஸ்டேட்டுக்குப் போய்வந்தேன். வியாழன் தவறாமல் போகிறேன், இதோடு மூன்று வருஷம். மதியம் சோலைமலையின் ஜீப்பில் ஏறினால் போடிமெட்டு தாண்டி மூன்று மணிக்கெல்லாம் கூலிக்காரர் வீட்டு வரிசையான லயத்தில் இருப்பேன். பெண்கள் ஏலக்காய் எடுத்துவிட்டு நாலரைக்குத் திரும்புவார்கள். அரை மணி நேரம் வேதக் கதை, ஒரு ஜெபம், ஆறு மணிக்கு அதே ஜீப்பில் இறக்கம். மாத அறிக்கையில் ‘மலை ஊழியம், நான்கு முறை’ என்று எழுதிப் போதகரிடம் கொடுத்தால் என் கடமை முடிந்தது.

இன்று சொன்னது, கடவுள் மனுஷனாகப் பிறந்து நம் நடுவே குடியிருக்க வந்த கதை. டிசம்பருக்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறது, இதை ஏன் எடுத்தேன் தெரியவில்லை. நன்றாகத்தான் சொன்னேன். முடித்ததும் சுருளியம்மாள் ஒரு கேள்வி கேட்டாள். மூன்றாம் வீட்டுக்காரி. என் வயதுதான், நாற்பத்து நாலு இருக்கும்.

“முப்பது வருசம் நம்மளப்போலவே இருந்தாருன்னு சொல்றீகளே. அக்கம்பக்கத்துல யாரு வீட்டுல கஞ்சி குடிச்சாரு?”

எல்லார் வீட்டிலும் குடித்திருப்பார் என்றேன். தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. பதினேழு வளைவும் இறங்கி வீடு வந்து சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 16

மழை. ஜீப் போகவில்லை. நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

ஆகஸ்ட் 23

சோலைமலை இன்று வண்டியை வளைத்துக்கொண்டே ஒன்றைச் சொன்னான். அவனுக்கு அது பெரிய விஷயமில்லை, போகிற போக்கில் சொன்னான்.

“சுருளியக்கா ஒங்களுக்குன்னே சந்தைல புது டம்ளர் வாங்கி வச்சிருக்கு, ரெண்டு வருசமா. அவுக பொழங்குற டம்ளர்ல நீங்க குடிக்க மாட்டீகன்னு. நீங்க அதுலயும் குடிக்கலையாம்.”

போகும்போதெல்லாம் அவள் காப்பி கொண்டுவருவாள். “இப்பத்தாம்மா குடிச்சேன், வேண்டாம்” என்பேன். எதில் கொண்டுவந்தாள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. என் தூக்குச்சட்டியில் எலுமிச்சம்பழச் சோறு, பாட்டிலில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். ஜீப்பிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் லயத்தில் கால் வைப்பேன். எனக்குப் பயிற்சி கொடுத்த அம்மாள் போட்ட சட்டம் அது: ஏழைகள் வீட்டுக்குப் பாரமாக இருக்காதே. இருபது வருஷமாக அதைக் காப்பாற்றி வருகிறேன்.

ஆகஸ்ட் 24

நேற்று எழுதியது பாதிப் பொய்.

பாரமாவது ஒன்றாவது. அந்த வீட்டுக் கரிச்சட்டி, அதன்மேல் உட்காரும் ஈ, டம்ளரை எந்தத் தண்ணீரில் கழுவுவாள் என்கிற நினைப்பு. அருவருப்பு, வேறொன்றுமில்லை. எழுதிவிட்டேன்.

அம்மா கீழ்நாட்டில் ஒரு பண்ணையில் நாற்று நட்டவள். தாகம் என்று கேட்டால் பண்ணை வீட்டுக்காரி செம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள், அம்மா குனிந்து கையேந்திக் குடிப்பாள். அந்தக் கேவலம் வேண்டாமென்றுதான் எங்கள் குடும்பம் வேதத்தில் சேர்ந்தது. அந்தச் செம்பைச் சொல்லிச் சொல்லியே அம்மா செத்துப்போனாள். அவள் மகள் நான். வெள்ளைச் சேலையும் கையில் புத்தகமுமாகப் போய் இன்னொருத்தியின் டம்ளரைப் பார்த்து முகம் சுளிக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். ஆத்தா, நீ பாத்திருந்தா என்னச் செருப்பால அடிச்சிருப்ப.

ஆகஸ்ட் 30

இன்று நானே கேட்டுக் காப்பி குடித்தேன். கட்டங்காப்பி, கருப்பட்டி போட்டது. சுருளியம்மாள் முகம் மலர்ந்து போயிற்று. லயத்துப் பெண்கள் எல்லாரும் வாசலில் நின்று நான் குடிப்பதை வேடிக்கை பார்த்தார்கள். குடித்து முடித்ததும் டம்ளரைக் கழுவி மாடத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்தாள்.

எனக்கென்னவோ நான் அவளுக்குப் பிச்சை போட்டதுபோல இருந்தது. ஆறு மணிக்கு ஜீப்பில் ஏறிவிட்டேன். வந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போனால் அதற்குப் பெயர் குடியிருப்பதா? விருந்தாளி அல்லவா அது? கடவுளும் இப்படித்தான் வந்துவிட்டு, ஆறு மணிக்குத் திரும்பிப் போயிருந்தால்? யாருக்கு என்ன லாபம்?

செப்டம்பர் 3

போதகர் தேவவரத்திடம் போய், லயத்திலேயே ஒரு வீடு எடுத்துத் தங்கட்டுமா என்று கேட்டேன். நல்ல எண்ணம்தான் என்றார். பிறகு குளிரைச் சொன்னார், அட்டையைச் சொன்னார், தனிப் பெண்ணாயிற்றே என்றார். வியாழனோடு செவ்வாயும் போய்வந்தால் போதாதா என்று கேட்டார். கெட்டவர் இல்லை. போன மழையில் என் அறை ஒழுகியபோது தானே ஏணி போட்டு ஏறி ஓடு மாற்றினவர். அதனால்தான் அவரிடம் கோபப்படவும் முடியவில்லை.

செப்டம்பர் 6

கங்காணி பெரியகருப்பனிடமே நேராகக் கேட்டுவிட்டேன். லயத்தில் இரண்டு வீடு காலியாகத்தான் கிடக்கிறது. ஆனால் செக்ரோலில் பெயர் இருந்தால்தான் வீடு. தினம் காலையில் அந்த நோட்டை விரித்துப் பெயர் கூப்பிடுவார், ஆள் வந்து முன்னால் நிற்க வேண்டும்.

“காய் எடுக்குறவுகளுக்குத்தான் தாயி வீடு. சாமி கதை சொல்றவுகளுக்கு இல்ல.”

அப்படியானால் என் பெயரை எழுதுங்கள் என்றேன். சொன்னபிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. அவர் என் கைகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சோப்பும் புத்தகமும் தவிர வேறெதுவும் பிடித்தறியாத கை.

செப்டம்பர் 7

பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 13

போதகர் வெகுநேரம் பேசினார். கூலிக்குப் போய்விட்டால் ஊழியத்தை யார் செய்வது, சபையார் கேட்டால் என்ன சொல்வது. கடைசியில், கிறிஸ்துமஸ் வரைக்கும் விடுப்பு தருகிறேன், அதற்குள் திரும்பாவிட்டால் வேலையும் சபைக் காம்பவுண்டில் நான் இருக்கும் அறையும் வேறொருவருக்குப் போய்விடும் என்றார். நியாயம்தான். “இவ்வளவு கீழே எறங்கிப் போகணுமாம்மா?” என்று கேட்டார். நான் மலை ஏறப் போகிறேன், அவர் இறங்குவதாகச் சொல்கிறார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதும் சரிதான்.

செப்டம்பர் 17, மஞ்சப்பாறை

கங்காணி “ஞானப்பூ” என்று கூப்பிட்டார். என் பெயர் என்பதே ஒரு நொடி தெரியவில்லை. இங்கே எல்லாரும் என்னை வேதக்காரம்மா என்றுதானே கூப்பிடுவார்கள்.

ஏலச்செடி ஆளுயரம் நிற்கிறது. காயோ அடியில், தரையோடு தரையாகச் சரம் சரமாகக் கிடக்கிறது. குத்தவைத்தே நகர வேண்டும். முற்றின காயை மட்டும் காம்போடு கிள்ள வேண்டும், இளங்காயைத் தொடக் கூடாது, பூவிருக்கும் சரம் அறுந்துவிடக் கூடாது. நான் இளங்காயை அள்ளினேன், இரண்டு சரத்தை அறுத்தேன். பெரியகருப்பன் எல்லார் முன்னாலும் திட்டினார். காலில் ஏழு அட்டை.

செப்டம்பர் 18

இடுப்பு இல்லை. இருக்கிறது, அதுதான் தொந்தரவே.

செப்டம்பர் 29

வந்து பன்னிரண்டு நாள். ஒரு கதை சொல்லவில்லை, ஒருவருக்காகவும் ஜெபம் செய்யவில்லை. ஏழு மணிக்கே கண் சொருகிவிடுகிறது. இதற்குத்தான் வந்தேனா? வியாழன்தோறும் அரை மணி நேரமாவது கடவுள் பெயர் இந்த லயத்தில் கேட்டது. இப்போது அதுவும் இல்லை.

நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நான் ஏதோ தப்புப் பண்ணி, சபையில் விரட்டிவிட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்களாம். இல்லாவிட்டால் எவளாவது நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிற வேலையை விட்டுவிட்டு வருவாளா? நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். சுருளியம்மாள் மட்டும் கஞ்சி கொடுக்கிறாள். “சாப்பிடுங்க” என்கிறாள். அதே தனி டம்ளர்.

அக்டோபர் 21, போடி

ஞாயிறு. சந்தைக்கு இறங்கிய ஜீப்பில் நானும் இறங்கினேன். கோயிலுக்குப் போய்விட்டு, என் அறையைத் திறந்து, காற்றாடியைப் போட்டுப் படுத்தேன். ஆஹா.

நாலு மணி ஜீப்பை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். ஸ்டாண்டில் சோலைமலை ஆரன் அடிப்பது இங்கேவரை கேட்டது. எழுந்திருக்கவில்லை. கடவுள் குடியிருக்க வந்தார், சரி. அவருக்கு ஒருநாளாவது திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியிருக்காதா? தோன்றியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தோன்றாவிட்டால் அவர் நம்மைப்போல இருந்ததாக எப்படிச் சொல்ல முடியும்?

அக்டோபர் 22, மஞ்சப்பாறை

விடிகாலை முதல் ஜீப்பில் ஏறிவிட்டேன். பெயர் கூப்பிடும்போது போய் நின்றேன்.

நவம்பர் 11

மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல். குடித்ததெல்லாம் வாந்தி. சேலையெல்லாம் நாசம்.

சுருளியம்மாள் என்னைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய்ப் போட்டுக்கொண்டாள். துடைத்துவிட்டாள், துணி மாற்றினாள், தன் பிள்ளைகள் சாப்பிட்ட அதே வட்டிலில் கஞ்சியை ஆற்றி ஊட்டினாள். வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரியை உட்கார்த்திவிட்டுப் போனாள். இங்கே கிடந்தால் செக்ரோலில் என் பெயர் அடிபட்டுப் போகுமே என்று, காட்டில் ஆளுக்கு ஒரு பிடி காய் போட்டு என் கூடையை நிரப்பியிருக்கிறார்கள். பெரியகருப்பனுக்கும் தெரியுமாம். கண்டுகொள்ளவில்லையாம்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு ஜெபம் சொல்லக்கூடத் தெம்பில்லை. கடவுள் குழந்தையாகப் பிறந்தார் என்று எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குழந்தை என்றால் ஒருத்தி கழுவிவிட வேண்டும், இடுப்பில் தூக்க வேண்டும், பாலைக் கக்கினால் தோளில் துடைத்துக்கொள்ள வேண்டும். இதை நான் யோசித்ததே இல்லை. கொடுக்க வந்தார் என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வாங்கிக்கொள்ளவும் வந்திருக்கிறார்.

நவம்பர் 27

குழாயடியில் சண்டை. என் குடத்தை முன்னால் வைத்துவிட்டேனாம். “நீ என்ன பெரிய இவளா? வரிசையில நில்லுடி” என்றாள் சுருளியம்மாள். நானும் விடவில்லை, பதிலுக்குக் கத்தினேன். அம்மா போனபிறகு என்னை யாரும் இப்படி அதட்டியதில்லை. சாயங்காலம் வரை இருவரும் பேசவில்லை. பிறகு உப்பு கேட்டு வந்தாள்.

டிசம்பர் 11

போதகரிடமிருந்து கடிதம். இருபத்தைந்தாம் தேதிக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அறைக்கு வேறொரு அம்மாள் கேட்டிருக்கிறார்களாம். என் உடம்பை விசாரித்து ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்.

பதில் எழுதிக் கிழித்தேன். மறுபடி எழுதிக் கிழித்தேன். அந்த அறையை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை. இங்கே இருக்கச் சொல்லி என்னை யாரும் கேட்கவும் இல்லை. காய்ச்சல்காரியைப் பார்த்துக்கொண்டார்கள், இரக்கம். அதை வைத்து நான் இவர்களில் ஒருத்தி என்று சொல்லிவிட முடியுமா? மூன்று மாசம் குத்தவைத்துக் காய் எடுத்தால் ஆயிற்றா? மனசு ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது.

டிசம்பர் 19

இன்னும் எழுதவில்லை. சுருளியம்மாளிடம் கேட்கலாம். என்னவென்று கேட்பது?

டிசம்பர் 24

மத்தியானம் மூன்று மணிக்கு மலை முழுக்க மஞ்சு மூடிவிட்டது. காட்டிலிருந்து சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டபடி திரும்பினோம். லயத்து முன்னால் ஜீப் நின்றது. எங்கள் சபைப் பாடகர்கள், டோலக்கு, போதகர் தேவவரம். பன்னும் ஆரஞ்சுப் பழமும் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பெரியகருப்பன் எங்களை வரிசையாக நிறுத்தினார்.

போதகர் ஒவ்வொருத்தியாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது, முடிவு கேட்பாரே என்று. என் முன்னால் வந்தார். ஏலக்கறை ஏறிக் கறுத்துப்போன என் கையில் பொட்டலத்தை வைத்தார். முகத்தைப் பார்த்தார். பார்க்கத்தான் செய்தார். “உங்களத் தேடித்தாம்மா கடவுள் வந்தார்” என்றார். அடுத்தவளிடம் போய்விட்டார்.

எட்டு வருஷமாக ஞாயிறுதோறும் அவர் முன்னால் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தவள் நான். ‘ஐயா’ என்று கூப்பிட வாயெடுத்தேன். வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

கொடுத்து முடித்துவிட்டு, வரிசைக் கடைசியில் நின்ற சுருளியம்மாளிடம், எங்கள் சபை அம்மாள் ஒருத்தர் இங்கே தங்கியிருக்கிறாரே, அவர் எங்கே என்று கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“அப்படி யாரும் இங்க இல்லீங்களே,” என்றாள். “எங்க ஞானப்பூ ஒருத்திதான் இருக்கா.”

அவர் அப்புறம்தான் என்னைக் கண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறையை அந்த அம்மாளுக்கே கொடுத்துவிடுங்கள் ஐயா என்று நான்தான் சொன்னேன். சரி என்று தலையாட்டினார்.

ஜீப் போனபிறகு அழுதேன். சுருளியம்மாள் ஆரஞ்சை உரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நாளைக்கு லீவு கேட்டிருக்கிறேன். பெரியகருப்பன் அரை நாள்தான் தந்தார். மதியத்துக்குமேல் கிழக்குக் காட்டில் காய் எடுப்பு.