பெரிய வீட்டின் பதினோராவது ஜன்னல்

என் அத்தானுக்கு,

உயிரோடு இருந்தபோது உங்கள் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது எழுதவும் கை வரவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

மனசில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போய் நாற்பது நாள் ஆகியும் அந்த வீட்டின் மேல் எனக்கு உள்ள எரிச்சல் தீரவில்லை. ஒரு பொம்பளையாக இருந்தால் தெருவில் நிறுத்திக் கேட்டிருப்பேன். வீட்டிடம் போய் என்ன கேட்க?

ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனீர்கள். மூன்று வருஷம். அரசாங்கம் பாதுகாக்கிற பழைய வீடு, இஷ்டத்துக்கு ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது, பதினோரு ஜன்னலிலும் உளுத்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து அதே தேக்கில் ஒட்டுப் போட வேண்டும் என்பீர்கள். சோற்றில் கை வைத்துக்கொண்டே, "அவளுக்கு இன்னைக்கு மூணாவது கண்ணத் தொறந்துட்டேன்" என்பீர்கள். அவளாம்! எனக்குச் சோறு இறங்காது. நம் வீட்டின் ஒரே ஜன்னலில் சாக்குத்தான் தொங்கியது. ஆடிக் காற்றுக்கு அது மூஞ்சியில் வந்து அடிக்கும். கேட்டால், "பெரிய வீட்டு வேலை முடியட்டும் பிள்ள, பொறவு உனக்கு ஒண்ணு செஞ்சு தாரேன்" என்பீர்கள்.

அந்தப் 'பெரிய வீடு' தெருவுக்கே தெரிந்துபோனது. குழாயடியில் பக்கத்து வீட்டு லட்சுமக்கா விடவில்லை.

"ஏட்டி, ஒன் வீட்டுக்காரரு பெரிய வீட்டுக்குக் கெளம்பிட்டாரா?"

"ஆமாக்கா."

"அவியளுக்கு அங்கன பெரிய வீடுன்னா, அப்ப நீதான சின்ன வீடு?"

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். உங்களிடம் சொன்னேனா? இல்லை.

போன வாரம் அந்த வீட்டம்மா ஆள் அனுப்பினார்கள், உங்கள் உளிப் பை அங்கேயே கிடக்கிறது என்று. பேண்டேஜ் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். பைக்காகப் போகவில்லை அத்தான். மூன்று வருஷத்தை அவளுக்குக் கொடுத்தீர்களே, எனக்கென்று எதையாவது மிச்சம் வைத்தீர்களா என்று பார்க்கத்தான் போனேன்.

அழகாகத்தான் இருந்தாள். மேல் கண்ணாடி வழியாக வெயில் சிவப்பும் பச்சையுமாகத் தரையில் விழுந்திருந்தது. ஒட்டுப் போட்ட இடம் விரலால் தடவியும் தெரியவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு. என் தலையை ஒரு நாளாவது அப்படிப் பொறுமையாகத் தடவியிருப்பீர்களா?

ஜன்னல்களைச் சரிபார்க்க வந்த ஆபீசர் மாடியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். உங்களோடு வேலை பார்த்த சுப்பையா அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"பத்தும் சரி. இது மட்டும் ஏன்யா மாறிப்போச்சு? மத்ததுல எல்லாம் வலது கதவு மேல படியுது, கொண்டியும் வலது கதவுல இருக்கு. இதுல அப்படியே மாத்தி வச்சிருக்கு!"

"பழைய கதவு ரெண்டும் செல்லரிச்சு உதுந்துபோச்சு சார். இது அவிய கடைசியா புதுசாச் செஞ்சது. எப்படின்னே தெரியல."

"கழட்டிட்டுப் பழையபடியே வேற செய்யுங்க."

"ஒரு நூல் பெசகாத மனுசனாச்சே" என்று வீட்டம்மா அங்கலாய்த்தார்கள்.

நான் கிட்டே போனேன். கொண்டியைத் தொட நினைத்ததுதான் தெரியும், இடது கை தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது. ஒரே இழுப்பில் திறந்தது. மலைக் காற்று உள்ளே வந்தது.

நான் நொட்டாங்கைக்காரி. கல்யாணமான புதிதில் உங்கள் அம்மா அகப்பையால் அந்தக் கையில் ஒன்று வைத்தார்கள். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அடுப்பங்கரை அலமாரியின் கொண்டியைக் கழற்றி இடது கதவில் வைத்துவிட்டு வேலைக்குப் போனீர்கள். இத்தனை வருஷத்தில் அதை நானே மறந்துவிட்டேன்.

சுப்பையா அண்ணன் என் கையைப் பார்த்தார். "ஏ தாயி..." என்றார். அதோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கை மறந்து செய்தீர்களா, மனசறிந்து செய்தீர்களா? யாரிடம் போய் இனி நான் கேட்க?

"ஒங்களுக்கு ஆகாதுன்னா இத எனக்குக் குடுத்துருங்கம்மா" என்றேன். வீட்டம்மா ஆபீசரைப் பார்த்தார்கள். "பழைய மரம் இல்லையே, தாராளமாக் குடுக்கலாம்" என்றார் அவர்.

சுப்பையா அண்ணன்தான் கொண்டுவந்து, புதுச் சட்டம் அடித்து மாட்டினார். நம் சுவரில் அது நுழையவில்லை. பெரிய வீட்டு அளவு இல்லையா? முக்கால் சுவரை இடிக்க வேண்டியதாயிற்று. லட்சுமக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி இது, வீட்டவிட சன்னல் பெருசா இருக்கு?"

"பெரிய வீட்டு சன்னலுக்கா. எனக்குன்னு செஞ்சது."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. பத்து இன்னும் அவளிடம் இருக்கிறது, பத்திலும் உங்கள் கை இருக்கிறது. பதினோராவதில் இனி சுப்பையா அண்ணன் கைதான். அதை நினைத்தால் மட்டும் கொஞ்சம் சோறு இறங்குகிறது.

வருஷா வருஷம் மழைக்கு முன்னால் கதவுக்கு எண்ணெய் போடுவேன் அத்தான். யார் வந்து சொன்னாலும் கொண்டியை வலப்பக்கம் மாற்ற விடமாட்டேன். விடிந்ததும் நொட்டாங்கையாலேதான் திறப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே வீட்டுக்காரி