ஆடுகள் மேய மறந்த பாட்டு

வில்ட்ஷயர், ஆகஸ்ட்

என் அன்புக் கண்மணி தாமசினுக்கு,

உன் இருமல் நின்றதா? நான் சுகம்.

சென்ற வாரம் எங்கள் பிரபுவின் மாளிகைக்கு மகாராணி வந்திருந்தார்கள். அவர்களைப் புகழ்ந்து இரண்டு இடையர்கள் பேசிக்கொள்வதாக ஒரு பாட்டு. இடையன் வேஷம் போடவிருந்த கனவான் ஒருவருக்குக் காய்ச்சல் வரவே, நிஜ இடையனான என்னை நிறுத்திவிட்டார்கள்.

எதிரே நின்ற கனவான், "மகாராணியைக் கண்டதும் என் ஆடுகள் மேய மறந்தன" என்று பாடினார். நான் பதறிப்போய், "மேயலேன்னா வயிறு உப்பியிருக்கும்யா, மொதல்ல அதப் பாருங்க!" என்றேன். மகாராணி விழுந்து விழுந்து சிரித்ததால் தப்பித்தேன்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. நீயே பின்னியதாக இருக்கட்டும். கடிதம் கொண்டுபோகும் வண்டிக்காரர் நேரமாகிறதென்று கத்துகிறார்.

சொல்ல மறந்தேன். பாட்டில் என் கடைசி அடி, "உங்களைக் கண்டபின் வேறு யார் நினைவும் எனக்கில்லை" என்பது. அதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

உன் கில்பர்ட்