கப்பலேறிய மக்காச்சோளம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. துறைமுகத்தில் வேலை, வேளைக்குச் சாப்பாடு, அறையில் ஜன்னலோரப் படுக்கை.

போன வாரம் ஒரு வேடிக்கை. கப்பலில் மக்காச்சோளம் ஏற்றும்போது பழக்கதோஷத்தில் ஒரு மணியை எடுத்து, காய்ந்திருக்கிறதா என்று உங்களைப் போலவே கடித்துப் பார்த்தேன். நம் பக்கத்து ஆளான மேஸ்திரி சிரித்துவிட்டார்.

"ஏன்யா, நீ என்ன கோழியா? இது திங்கறதுக்கில்ல, எத்தனால் காய்ச்சி பெட்ரோல்ல கலக்குறதுக்கு. நம்ம நாட்டுக்குத்தான் போகுது. இறக்குமதி வரிய எடுத்துட்டாங்கல்ல, இனிமே கப்பல் கப்பலா போகும்."

மணி சரியாகக் காயவில்லை அப்பா. நீங்கள் கொண்டுபோயிருந்தால் நம் ஊர் எத்தனால் ஆலைக்காரன் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பான். ஆனால் இங்கத்து விவசாயிக்கு அரசாங்கமே மானியம் கொடுப்பதால் விலை மலிவு. ஈரத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? பசுமை எரிபொருள், விவசாயிக்கு விடிவுகாலம் என்று மைக் வைத்துப் பேசித்தானே உங்களை மக்காச்சோளம் போட வைத்தார்கள். எந்த ஊர் விவசாயிக்கு என்று சொல்லவில்லை.

யாராவது இங்கே வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். இங்கேயும் போர்வை கிடைக்கிறது. இருந்தாலும் அது வேண்டும்.

விலை ஏறும், பொறுங்கள் என்று ஆலைக்காரன் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பொறுக்காதீர்கள். கூடத்தில் அடுக்கிய மூட்டைகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுங்கள். கப்பல் நேற்றுக் கிளம்பிவிட்டது. அது அங்கே வருவதற்கு முன்னால் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும். ஷிப்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

அந்த மக்காச்சோளத்தை ஏற்றி அனுப்பியவன்,
உங்கள் மகன்