அயிரையை விராலுக்குச் சொந்தமாக்கியவர்

என் பாசத்துக்குரிய மாப்ள பாண்டி,

திருமங்கலம் ரோட்டில் லாரி இடித்து நீ போன பிறகுதான் நம் துறைத்தலைவருக்கு உன் அருமை தெரிந்திருக்கிறது. விலங்கியல் துறை வாசலில் உன் படத்துக்குச் சந்தன மாலை போட்டிருக்கிறார். உயிரோடு இருந்தபோது உன்னை "ஏப்பா, மீன் வெட்டுறவனே" என்று கூப்பிட்ட அதே வாய் இன்று "என் மாணவமணி" என்கிறது.

ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையை உனக்குக் காணிக்கையாக்கப் போகிறாராம். எது தெரியுமா? அயிரையும் விராலும் நெருங்கிய சொந்தம் என்று மரபணுவை வைத்து அவர் கண்டுபிடித்த அந்தக் கூத்துதான். கெண்டைக்குச் சொந்தமான அயிரையைக் கொண்டுபோய் விரால் கிளையில் உட்கார வைத்துவிட்டு, உலகமே கைதட்டும் என்று காத்திருக்கிறார் மனிதர்.

பனையேறிக் கெண்டையும் விராலும் சொந்தம் என்று மரபணு காட்டியபோது நீ எப்படிக் குதித்தாய்! பெயர்தான் கெண்டை, உறவெல்லாம் விராலோடு. "வெளிய பாத்தா தெரியாது மாப்ள, உள்ள எழுதியிருக்கு" என்றாய். அந்த ருசியெல்லாம் இவருக்கு எங்கே தெரியப்போகிறது?

அந்த ஆயுதபூஜை ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனியாக வைத்திருந்த கத்தரிக்கோல்களை ஒன்றாகக் கொட்டி, ஒரே துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். அதில் தப்பில்லை. மறுநாள் அயிரையின் துடுப்பை வெட்டுவதற்கு முன் கத்தரிக்கோலை ப்ளீச்சில் முக்கப் போனாய். அதில் விரால் சதை துளி ஒட்டியிருந்தாலும் முடிவு மொத்தமும் கெட்டுவிடும் என்று உனக்குத் தெரியும்.

"பூஜை போட்டதை ப்ளீச்சுல முக்குவியா? அபசகுனம்டா! அப்படியே வெட்டு" என்று துறைத்தலைவர் கத்தினார்.

"சாமி கோவிச்சுக்காது சார். மீனுதான் மாறிப்போகும்" என்றாய்.

கத்தரிக்கோலைப் பிடுங்கி அவரே வெட்டினார். முடிவு வந்ததும், "அயிரையும் விராலும் ஒண்ணு சேர்றது குழம்புச் சட்டியிலதான் சார்" என்று நீ சொன்னாய். அதற்காக உன்னிடமிருந்து ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டார்.

இப்போதைய சேதியைக் கேள். ஆய்விதழுக்காகக் கட்டுரையைப் பரிசீலித்தவர்கள், மாதிரியில் கலப்படம் இருக்குமோ என்று கேட்டிருக்கிறார்கள். உடனே மனிதருக்கு உன்மேல் பாசம் பொங்கிவிட்டது. கட்டுரை எழுதியவர்கள் வரிசையில் கடைசியில் கிடந்த உன் பெயர் முதலிடத்துக்கு வந்துவிட்டது. "மாதிரி எடுத்தது பூரா பாண்டின்னு எழுதிட்டேன். செத்தவன்கிட்டப் போய் எவன் கேள்வி கேப்பான்?" என்று என்னிடமே சொல்லிச் சிரிக்கிறார். இவரையெல்லாம் முதுகெலும்புள்ள பிராணிகளில் சேர்த்ததே தப்பு.

நான் புது அயிரை வாங்கி, சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டித் திரும்பச் செய்து பார்த்தேன். அது ஒழுங்காகக் கெண்டைகளோடு போய்ச் சேர்ந்தது. அவரிடம் காட்டினேன். "உன் டாக்டர் பட்டத்துக்கு நான்தான் கையெழுத்துப் போடணும், ஞாபகம் இருக்கா?" என்றார். இருக்கிறது மாப்ள. பயமாகவும் இருக்கிறது.

அதைவிடப் பயம் உன் வீட்டுப் படியேறும்போதுதான். கட்டுரையில் உன் பெயர்தான் முதலில் என்று உன் மனைவி செல்வியிடம் அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"அவரு பேரு வருதாம்லண்ணே. பாப்பா பெருசானா காட்டுவேன்" என்றாள்.

ஆனாலும் ஆயுதபூஜையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவரு வேணாம்னு சொன்னதுலயா அவரு பேரைப் போடுறாக?"

"ஆமாம்மா."

"அப்ப எடுத்துருங்கண்ணே. உங்கப்பா முடியாதுன்னு சொன்னாருன்னு பாப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அன்றைக்கே என் முடிவுகளோடு இதழாசிரியருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை உனக்கு அஞ்சலிக் கூட்டம். நான் எழுதியது தெரியாத துறைத்தலைவர் உன்னைப் புகழ்ந்து முடித்துவிட்டு என்னைப் பேசக் கூப்பிடுவார். யார் வெட்டியது, யார் தடுத்தது என்று அந்த மேடையிலேயே சொல்வேன். செல்வி முன்வரிசையில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பட்டம் போனால் போகட்டும். அந்தக் கட்டுரையில் உன் பெயரை வரவிட மாட்டேன் மாப்ள, இது சத்தியம்.

உன் பாப்பாவுக்குத் தாய்மாமன்,
முருகேசன்