தக்கலை ரோட்டுச் சாணம்

மைனி,

மருமகள் மாடித் தொட்டிகளுக்கென்று சாணப்பொடி வாங்கி வந்திருக்கிறாள். பளபளக்கும் பாக்கெட். பிரித்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. சாணத்தைக் கடையில் வாங்கும் காலம் வரைக்கும் நான் இருந்து தொலைத்துவிட்டேன். நீங்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். முழங்கால் வலியோடு மாடிப்படியில் உட்கார்ந்தபோது உங்களிடம்தான் பேசத் தோன்றியது.

நம் பகுதி இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். என் அண்ணன் காய்ச்சலில் போய், நீங்கள் தாலியறுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிள்ளையும் இல்லாத உங்களை வீட்டில் யாரும் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மாட்டுத் தொழுத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த துண்டு மண்ணில் வழுதலங்காய்ச் செடி நட்டீர்கள்; இங்கே அதைக் கத்தரிக்காய் என்கிறார்கள். நாலு காய் பறித்துக் கொடுத்தால், தின்கிற சோற்றுக்குக் கூச வேண்டாம் என்று நினைத்தீர்கள். ஆனால் நம் மாடுகளின் சாணம் முழுக்க வயலுக்கு. ஒரு கூடை கேட்டாலும் அப்பாவின் முகம் கடுத்துப்போகும்.

அதனால் தக்கலைச் சந்தைக்குப் போகும் மாட்டுவண்டிகளின் பின்னால் கூடையோடு நடந்தீர்கள்.

"நம்ம வீட்டுப் பொம்பள ரோட்டுல சாணி பெறக்கணுமா?" என்று அப்பா குதித்தார்.

"களவொண்ணும் எடுக்கலியே மாமா" என்றீர்கள், குனிந்த தலை நிமிராமல். நானாக இருந்தால் அழுதிருப்பேன்.

பச்சைச் சாணம் சூடு, செடியைக் கருக்கிவிடும், மக்கினால்தான் உரம் என்று, பொறுக்கியதை எல்லாம் வீட்டு உரக்குழியின் ஒரு மூலையில் கொட்டித் தென்னோலை போட்டு மூடினீர்கள். வேறு இடம் உங்களுக்கு யார் கொடுத்தார்கள்?

ஐப்பசி மழைக்கு முன்னால் உங்கள் அண்ணன் மாட்டுவண்டியோடு வந்து நின்றார். உங்களைக் கூட்டிப்போகச் சொல்லி அப்பாதான் ஆள் அனுப்பியிருந்தார். நீங்கள் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பித்தளைப் பாத்திரங்களை அம்மா முற்றத்தில் எடுத்து வைத்தாள். நீங்கள் அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகக் குழிக்குப் போய், உங்கள் மூலையில் மக்கிக் கறுத்துக் கிடந்ததைச் சாக்குகளில் அள்ளி வண்டியில் ஏற்றினீர்கள்.

"அங்க வீட்டுக்குப் பெறத்தால வெறும் மண்ணு கெடக்கு. இது இருந்தா வாழையாவது வைப்பேன். ஒருத்தர் கையையும் பாக்காண்டாம்" என்று என்னிடம் சொன்னீர்கள். அத்தனை நாளில் உங்கள் முகத்தில் அன்றுதான் தெளிச்சம் பார்த்தேன்.

அப்பா வந்து சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"எறக்கு. நம்ம குழியில கெடந்தது நம்ம வயலுக்குள்ளது."

உங்கள் அண்ணன் மாட்டைப் பூட்டப் போனார். அம்மா உள்ளே போய்விட்டாள். நீங்களே சாக்குகளை இறக்கி வைத்தீர்கள். கையைக்கூடக் கழுவாமல் வண்டியில் ஏறினீர்கள்.

"வாறேன் மக்கா" என்றீர்கள். பிறகு நீங்கள் வரவில்லை. உங்கள் அண்ணன் வீட்டு அடுக்களையிலேயே உங்கள் காலம் கழிந்தது என்று கேள்விப்பட்டேன்.

அந்த மாசி மாதக் கும்பப்பூ அறுவடையில் வயல் நன்றாக விளைந்தது. வந்தவர்களுக்கெல்லாம் அப்பா நெல்லைக் கையில் அள்ளிக் காட்டினார். உரம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. புத்தரிசிச் சோறு வடித்தார்கள். நானும் உண்டேன், மைனி. நல்ல ருசி. அந்த ருசியை இந்த வயதிலும் என்னால் துப்ப முடியவில்லை.