கன்னியப்பன் கொட்டகையில் கடைசி ரீல்

சென்னை,
9-2-91

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி ஜெபர்சன் எழுதுவது.

பம்பு கம்பெனி ஆபீஸ் எதிரே பந்தலில் உண்ணாவிரதம் இருக்கிறோம். நேற்று யூனியனில் பழைய படம் ஒன்று போட்டார்கள். ராஜாவை எதிர்த்த மூன்று புரட்சிக்காரர்கள் கதை. ‘மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டால் விடுதலை’ என்று பேப்பரை நீட்டுகிற இடத்தில் கரண்ட் போய்விட்டது. போட்டார்களா இல்லையா என்று இங்கே ஒரே சண்டை.

எங்களிடமும் அதே மாதிரி பேப்பர்தான் நீட்டியிருக்கிறார்கள். வேலைநிறுத்தம் தப்பு என்று 18ஆம் தேதிக்குள் எழுதிக் கொடுத்தால் வேலை உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

அந்தப் படம் படப்பைக் கொட்டகைக்கு வந்திருக்கிறதாம். முடிவைப் பார்த்து எழுது. ஜோஸ்லினை ஏழு மாத வயிற்றோடு உன்னிடம் விட்டு வந்தேன். சாப்பிடுகிறாளா?

ஜெபர்சன்

வடக்குப்பட்டு,
12-2-91

பட்டினி கிடக்கும் தம்பிக்கு, வயிறு நிறையத் தின்றுவிட்டு அக்கா அன்னபுஷ்பம் எழுதுவது.

தவக்காலம் நாளைக்குத்தானடா பிறக்கிறது, உனக்கு அதற்குள் என்ன அவசரம்? உன் பொண்டாட்டி நன்றாகத் தின்கிறாள். கொட்டகைக்கும் என்னோடு வந்தாள்.

மூன்று பேரும் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ராஜா தூக்கில் போட்டுவிட்டான். மணலில் உட்கார்ந்திருந்த பொம்பளைகள் எல்லாம் ஒப்பாரி. கொட்டகைக்காரன் கன்னியப்பன் யாரையும் அழவிட்டு அனுப்ப மாட்டான், மறுநாள் கூட்டம் வராதே! பாட்டு ரீலை எடுத்துக் கடைசியில் மறுபடி ஓட்டினான். செத்த மூன்று பேரும் வைக்கோல் வண்டிமேல் பாடிக்கொண்டு வந்தார்கள். “அதான பாத்தேன்! சாவலடி, உசுரோடதான் கீறானுங்க!” என்று பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

அதையே முடிவு என்று உனக்கும் எழுதியிருப்பேன். ஜோஸ்லின் விடவில்லை. “நெஜத்தயே எழுதுங்க அண்ணி. அப்பால எம்மேல பழி போடப்போறாரு” என்றாள்.

என்னைக் கேட்டால் கையெழுத்தைப் போடு. அந்த மூன்று பேரில் ஒருத்தனுக்காவது புள்ளத்தாச்சிப் பொண்டாட்டி இருந்ததாக நான் பார்க்கவில்லை.

அன்னபுஷ்பம்

சென்னை,
19-2-91

அக்கா,

என்னோடு பந்தலில் இருந்த பலராமன் கையெழுத்துப் போட்டுவிட்டான். நான் போடவில்லை. வேலை போய்விட்டது. ஜோஸ்லின் முகத்தில் எப்படி விழிப்பேன்? கொஞ்ச காலம் இங்கேயே ஏதாவது பார்க்கிறேன். என்னைத் தேட வேண்டாம்.

ஜெபர்சன்

வடக்குப்பட்டு,
21-2-91

தம்பி,

படம் பார்த்து உனக்கு மண்டை குழம்பிவிட்டது. உன்னை யாரும் தூக்கில் போடவில்லையடா. வேலையை விட்டு நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அதற்கப்புறமும் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், பிள்ளைக்குப் பேர் வைக்க வேண்டும்.

உன் கடுதாசியைப் படித்ததும் ஜோஸ்லின் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “ஞாயித்துக்கெழம மீனு வாங்கலாமா அண்ணி, அவருக்கு நெத்திலின்னா புடிக்கும்” என்றாள்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வா. படப்பையில் மாமா சைக்கிளோடு நிற்பார். வராவிட்டால் அவளையும் கூட்டிக்கொண்டு நானே பந்தலுக்கு வருவேன். உன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதை உன் யூனியனே வேடிக்கை பார்க்கட்டும்.

நெத்திலிக்குச் சொல்லியாகிவிட்டது.

அக்கா