பனிப்பாலத்தில் ஒரு ‘வாறன்’

விசாரணை முடிந்து, கயிறு இன்று தபாலில் வந்தது. பழுப்புக் காகிதப் பொட்டலம், மேலே தப்பும் தவறுமாக என் பெயர். பிரித்ததும் அறை முழுக்க உங்கள் வீட்டுக் கறித்தூள் வாசனை. உங்கள் பைக்குள் டப்பா உடைந்து கயிறெல்லாம் அப்பியிருந்த தூள். ஐந்து வாரமாகியும் போகவில்லை. கயிற்றைத் தரையில் விரித்து அளந்தேன். நூற்றிருபது அடி. எதற்கு என்று கேட்காதீர்கள்.

மெல்பன் புறநகரான டண்டினொங்கில், தொழிற்சாலையில் நம் வரைபலகைகள் அடுத்தடுத்து இருந்தன. நான் திருச்சியிலிருந்து வந்து மூன்றாம் நாள். நீங்கள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “நீர் இந்தியாவோ?” என்றீர்கள்.

“ஆமா. எப்படித் தெரியும்?”

“ஓடி ஓடிக் கோடு கீறுறீர், ஐசே. கோடு எங்கையும் ஓடாது.” ‘ஐசே’ என்றால் உங்கள் ஊரில் ‘என்னப்பா’ மாதிரி என்று பிறகுதான் புரிந்தது.

பனிச்சறுக்குப் பைத்தியம் உங்களுக்கு எப்படிப் பிடித்ததோ. மெல்பனுக்கு வடக்கே மலையில் முதல் முறை என்னைச் சறுக்குக்கட்டையில் ஏற்றிவிட்டு, “யாழ்ப்பாணத்திலை நான் ஐஸைக் கண்டது ஐஸ்பழத்திலை மட்டுந்தான்” என்றீர்கள். எங்கள் ஊரில் அதைக் குச்சி ஐஸ் என்போம் என்றேன். “ஏன், நீங்கள் குச்சியையோ தின்னுறனீங்கள்?” என்று சொல்லிச் சிரித்து நீங்களே விழுந்தீர்கள். தமிழ் ஒன்றுதான், அண்ணே. ஆனால் இரண்டு. அன்று அது வேடிக்கையாக இருந்தது.

நியூசிலாந்துப் பனியாற்றுக்குப் போகலாம் என்றது நீங்கள்தான். பருவம் முடியப்போகிற நேரம், இனி அடுத்த வருடம்தான் என்றீர்கள். தொழிற்சாலை நண்பர்கள் இருவரும் சேர்ந்தார்கள். முதல் நாள் மாலை மலைக் குடிசையில் கயிற்றுச் சைகைகளைப் பேசி முடிவு செய்தோம். பனிப்பிளவுகளுக்கு மேலே பாலம் போலப் பனி மூடியிருக்கும் இடங்களில் ஒருவர் கடக்க, மற்றவர் பின்னால் குழி தோண்டி உட்கார்ந்து, கயிற்றை இடுப்போடு இறுக்கிப் பிடிக்க வேண்டும். கடந்தவர் கூப்பிட்ட பிறகுதான் இவர் எழலாம்.

“நான் ‘வாரும்’ எண்டு கூப்பிடுறன்” என்றீர்கள்.

“கயித்துல என்ன மரியாதை? சும்மா ‘வா’ன்னு கத்துங்க. ஒரே எழுத்து. நேரம் மிச்சம்.”

“சரி, உம்மடை அவசரத்துக்கு ஒரு எழுத்து.” சூப்பில் கறித்தூளைக் கொட்டிக்கொண்டே ஒத்துக்கொண்டீர்கள்.

காலையில் இறுகிக் கிடந்த பாலத்தை நால்வரும் தாண்டினோம். திரும்பும்போது உச்சி வெயில். வசந்தகாலப் பனி சர்க்கரைப் பாகு போல் கசிந்தது. அவர்கள் இருவரும் அரை மணி பின்தங்கியிருந்தார்கள். “நிண்டு சேர்ந்து போவம்” என்றீர்கள். “அவங்களுக்காக நின்னா இன்னும் இளகிடும்” என்றேன் நான். கணக்குச் சரிதான். அந்தக் கணக்கு மட்டும் சரி.

நீங்கள் முன்னே போனீர்கள். நடுவில் ஒரு பனிமேடு, உங்களை மறைத்தது. கயிறு மெல்ல மெல்ல ஓடி, நின்றது. காற்று அடித்தது. அதற்குள்ளிருந்து உங்கள் குரல்: “வா—”

எழுந்தேன். நான்கடி முன்னே வைத்தேன். கயிறு தொய்ந்தது.

பிறகு சத்தமே இல்லை, அண்ணே. அதுதான் இன்னும் புரியவில்லை. ஒரு பாலம் இடிந்தால் சத்தம் வரவேண்டாமா? கயிறு என்னைக் குப்புறத் தள்ளி இழுத்துப்போனது. காலிலிருந்த சறுக்குக்கட்டை எதிலோ சிக்கி, பிளவின் விளிம்பில் நின்றேன். எட்டிப் பார்த்தேன். நீலச் சுவரில் மோதித் தொங்கிக்கொண்டிருந்தீர்கள். கண் திறந்திருந்தது. கோபமே இல்லாமல், வரைபடத்தில் ஒரு பிழையைக் காட்டுகிற குரலில் சொன்னீர்கள்:

“வாறன் எண்டெல்லோ சொன்னனான், ஐசே.”

அவ்வளவுதான். மற்ற இருவரும் வந்து சேர்ந்து உங்களை மேலே இழுத்தபோது மூச்சு இல்லை.

அந்தக் கரையும் இளகியிருக்கிறது என்று கண்டு என்னிடம் திரும்பி வந்துகொண்டிருந்தீர்கள். ‘வாறன்’ என்று கத்தினீர்கள். காற்று பின்பாதியைத் தின்றுவிட்டது. என் தமிழில் அது ‘வர்றேன்’. குறிலில் தொடங்கும். நெடிலில் ‘வா’ என்று கேட்டால் என் காதுக்கு ஒரே அர்த்தம்தான். உங்கள் தமிழில் வருகிறவனும் ‘வா’ என்றுதான் தொடங்குவான் என்பதை, நாலு வருடம் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து கேட்டவன் யோசிக்கவில்லை. இரண்டு சைகைகள் ஒரே ஒலியில் தொடங்கக்கூடாது. என் படிப்பில் முதல் வருடப் பாடம் இது. கயிறு இறுகி இருந்திருந்தால் இடுப்பளவுக்குப் போயிருப்பீர்கள். திட்டிக்கொண்டே ஏறியிருப்பீர்கள்.

விசாரித்த அதிகாரி, ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். எங்கள் மொழியில் ஏதோ, என்றேன். அவர் அதையும் எழுதிக்கொள்ளவில்லை. வெயிலில் பனி இளகியது, விபத்து என்று மட்டும் எழுதினார்.

அக்காவும் கேட்டார், உங்கள் மனைவி. உங்கள் வீட்டுக் கூடத்தில், கதிரைகளில் ஊர்ச்சனம் நிறைந்திருக்க, “கடைசியா என்னவும் சொன்னவரே, தம்பி?”

“வாறன்னு சொன்னாரு, அக்கா.”

அவர் முகம் அப்படியே தணிந்தது. “ஓம். அதைச் சொல்லாமல் அவர் ஒருநாளும் படி இறங்கினதில்லை.” பக்கத்திலிருந்தவர்கள் அழுதார்கள். யாரோ தேத்தண்ணி தந்தார்கள். வாங்கிக் குடித்தேன், அண்ணே. சர்க்கரை சரியாக இருந்ததுகூட நினைவிருக்கிறது. அந்த ஒரு சொல் வான்கடிதத்தில் யாழ்ப்பாணம் வரை போய்விட்டதாம். விடைபெற்றுக்கொண்டு போனார் என்று உங்கள் அம்மா ஆறுதல்படுகிறாராம்.

நீங்கள் விடைபெறவில்லை. என்னிடம் வந்துகொண்டிருந்தீர்கள். கடைசியாகச் சொன்னதும் ஒரு சொல்லல்ல, ஒரு முழு வாக்கியம். அதையும் நான்தான் சுருக்கினேன்.

கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, கீழே போய் அக்காவுக்கு டெலிபோன் செய்தேன். வீட்டுக்கு வரலாமா, முழுசா ஒண்ணு சொல்லணும் என்றேன்.

“வா—” என்று தொடங்கினார்.

ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, அசையாமல் நின்றேன்.

“—ரும், தம்பி.”

அதன் பிறகுதான் கயிற்றை எடுக்க மேலே போனேன்.